சாகாதவனுக்குக் கட்டிய பேனர்

உலகம் கவலைப்படுவதற்கு உறை போட்ட நாற்காலி வேண்டும். கட்சிக் கூட்டத்துக்கு வெறும் பிளாஸ்டிக் சேர் போதும். காதுகுத்துக்கும் அதேதான். கல்யாணம் என்றால் வெள்ளை உறை, பின்னால் ரிப்பன். ஒரு நாட்டு அரசாங்கம் தன் ஜனங்களையே கொன்று குவிக்கிறதே என்று வெளிநாட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கும் வெள்ளை உறை, ரிப்பன்தான். ரிப்பன் மட்டும் கறுப்பு.

கோவளத்தில் ஒரு ஷாமியானா கடையில் வேலை பார்க்கிறேன். பந்தல், நாற்காலி, மேஜை, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடும் கடை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. மைக்கைச் சோதிக்கும்போதுகூட 'ஹலோ' சொல்லாமல் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். ஆனால் ஓரமாக நிற்பதால் எல்லாம் காதில் விழும். மாமல்லபுரம் போகிற வழியில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் அந்தக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, நான் ஓரமாக நின்று கேட்டதும் பார்த்ததும்தான் இது.

என்னோடு நாற்காலி தூக்கும் பாய் அந்த நாட்டிலிருந்து தப்பி வந்தவர். நாட்டின் பெயரை எழுதவில்லை; அவருக்கு அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர் இனத்தாருக்கு அங்கே குடியுரிமை கிடையாது. பிறந்த ஊர்தான், ஆனாலும் பக்கத்து ஊருக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். பட்டாளம் வந்து ஊரைக் கொளுத்தியதும் பாயும் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் தப்பித்து, எங்கெங்கோ சுற்றி, கோவளத்தில் தர்காவுக்குப் பின்பக்கம் ஒரு தகர வீட்டில் வந்து சேர்ந்தார்கள். மூத்த மகன் பின்னால் வருவதாக இருந்தான். அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டினான் என்று பிடித்து ஜெயிலில் போட்டார்கள். தண்டனை முடிந்து வருஷங்கள் ஆகியும் அவன் வெளியே வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்பதே தெரியவில்லை.

பாய் தமிழ் கற்றது எங்கள் வேனில்தான். அதனால் அவர் பேசுவது எங்கள் தமிழ். என்னைவிட நன்றாகத் திட்டுவார்.

முதல் கூட்டத்தை நடத்தியவர் செங்கல்பட்டில் ஏதோ அமைப்பு வைத்திருப்பவர். எல்லோரும் அவரைச் 'சார்' என்பார்கள். பாதிக்கப்பட்ட ஒருவரைத் தில்லியிலிருந்து விமானத்தில் வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஆள் வரவில்லை. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் எங்கள் ஓனர், சேர் அடுக்குகிற பாய் அந்த நாட்டுக்காரர் என்று சொன்னார்.

"நம்ம சேர் தூக்குறவரா! அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் சார். பெண் பார்க்கப் போன இடத்தில் சொந்தம் கண்டுபிடித்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

ரிசார்ட் மேனேஜரின் சட்டையைப் பாய்க்குப் போட்டுவிட்டார்கள். காலையில் தானே உறை மாட்டிய நாற்காலியில் பாய் மேடையேறி உட்கார்ந்தார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். ஊர் எரிந்ததைப் பாய் சுருக்கமாகச் சொன்னார். அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்.

"எம் புள்ள உசுரோட கீறானா இல்லியா? அத்த மட்டும் அந்த அரசாங்கத்தக் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

முன் வரிசையில் இருந்த நரைத்த தலை அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த உயரமான மனிதர் எழுந்து நெடுநேரம் பேசினார். பெண் அதைப் பாயிடம் சொன்னாள்: "தனி ஒருத்தரோட விஷயத்த அந்த அரசாங்கத்துகிட்ட எடுத்துட்டுப் போனா மத்த பேச்சுவார்த்தை கெட்டுடுமாம். ஆனா மொத்தமா எல்லாருக்காகவும் கவலை தெரிவிப்பாங்களாம், ஐயா."

"மொத்தத்துல எம் புள்ளயும் சேத்தியா?"

அந்தப் பெண் இதை மொழிபெயர்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சண்டை நடந்தது. அறிக்கையில் 'கண்டனம்' என்று போடுவதா, 'கவலை' என்று போடுவதா என்பதுதான் சண்டை. டீ மேஜைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் சாருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். வந்திருந்தவர்களில் ஒரு நாட்டுக்காரருடைய கம்பெனி பாயின் நாட்டில் பூமிக்கடியிலிருந்து வாயு எடுக்கிறதாம். கண்டனம் என்றால் அவரால் கையெழுத்துப் போட முடியாதாம். வெயில் இறங்கும்வரை வாதாடினார்கள். கடைசியில் கவலை ஜெயித்தது. தோற்றவர்களைச் சமாதானப்படுத்த அதற்கு முன்னால் 'ஆழ்ந்த' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் ஒருவன் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து 'ச்சே' என்பார். அடிக்கிறவனுக்கு அந்தச் 'ச்சே' கேட்காது. கேட்டாலும் அவனிடம்தான் எதிர்வீட்டுக்காரர் மறுநாள் மீன் வாங்குவார். அந்தச் 'ச்சே'யைச் சொல்ல ஏசி ஹாலும், கறுப்பு ரிப்பனும், மூன்று வகைச் சட்னியும் வேண்டுமென்றால் அதற்குப் பெயர் சர்வதேசக் கூட்டம்.

மறுநாள் அவர்களை முட்டுக்காட்டில் படகு சவாரிக்கு அழைத்துப் போனார்கள். போட்டோவுக்குப் பாயும் வேண்டும் என்றார் சார். எல்லோரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு படகில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாய் கரையிலேயே நின்றார்.

"ஏறுங்க பாய், ஒரு போட்டோதானே" என்றார் சார்.

"நாங்க படகுல தப்பிச்சி வந்தவங்க சார். அப்ப இந்த சட்டை யாரும் குடுக்கல" என்றார் பாய்.

சார் இதைப் பெரிய நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

சாயங்காலம் நாற்காலிகளை வேனில் ஏற்றும்போது டிரைவர் கேட்டான்: "இன்னா பாய், இன்னாதான் சொன்னாங்கோ?"

"கவலப்படுதாம்."

"எது?"

"ஒலகம்."

"எங்க வூட்லயுந்தான் கவலப்பட்டுகினு கீது, சிலிண்டர் தீந்துபோச்சுன்னு. இதுக்கா கூட்டம் போட்டாங்கோ?"

பாய் சிரித்தார். ஆனாலும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஏனென்றால் கிளம்பும்போது சார் அவர் போனிலிருந்து மகனின் போட்டோவை வாங்கிக்கொண்டார். பாயிடம் இருந்தது அந்த ஒரே போட்டோதான். மீசை அரும்பிய பையன், யாருடையதோ பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு கடை வாசலில் நிற்கிறான். "போட்டோ வாங்கிகினாரு அண்ணாத்த. கேக்கறதுக்குத்தானே வாங்குவாங்க?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தப் போட்டோவை அடுத்த வருஷம் அதே ஹாலில் பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் ஃப்ளெக்ஸ் பேனர் உண்டு. பிறந்த நாள், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கடைத் திறப்பு. ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு அச்சு தயாராக இருக்கும். முகத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒற்றை முகத்தைக் கொடுத்து, கூட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றப்போகிறோம் என்று சொன்னால், ஃப்ளெக்ஸ்காரனிடம் அதற்கு இருப்பது ஒரே அச்சுதான். ஜெயிலில் இருப்பவனுக்கு என்று தனியாக அச்சு கிடையாது. ஃப்ளெக்ஸ்காரன் பாயின் மகன் போட்டோவுக்கு ரோஜா மாலை போட்டிருந்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே ஒரு பெரிய கண், அதிலிருந்து ஒரு சொட்டு நீர். கீழே 'தோற்றம்', 'மறைவு' என்ற இரண்டு வார்த்தைகள். தேதியை யாரும் கொடுக்கவில்லை என்பதால் அதற்கு நேரே காலியாக விட்டிருந்தான்.

நாங்கள் போவதற்குள் ரிசார்ட் ஆட்கள் அதை மேடையில் கட்டி முடித்திருந்தார்கள். பாய் இரண்டாவது லோடில் வரவேண்டியிருந்தது. நான் சாரைத் தேடிப் போனேன். வாயைத் திறக்கவே எனக்கு நேரமாயிற்று.

"சார், அது செத்தவங்களுக்குப் போடறது."

"யாருப்பா நீ? ஓ, சேரா? அட, அது டிசைன்பா. நானும் பார்த்தேன். கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவங்களுக்கு மாலைன்னா மரியாதை. இந்த வித்தியாசம் எல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்குத் தெரியாது."

"பாய்க்குத் தெரியும் சார்."

"எந்த பாய்?" என்றார் சார்.

பாய்க்குத் தெரியும். எத்தனையோ சாவு வீட்டு வாசலில் என்னோடு சேர்ந்து இதே மாதிரி பேனரைக் கட்டியவர். கையில் அடுக்கிய நாற்காலிகளோடு உள்ளே வந்தவர் மேடையைப் பார்த்து நின்றார். நாற்காலிகளைச் சத்தம் வராமல் சுவரோரம் இறக்கி வைத்தார். பிறகு உறை போட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்ப வந்துச்சு அண்ணாத்த, சேதி?"

"சேதி ஒண்ணும் வரல பாய். ஃப்ளெக்ஸ்காரன் தப்பா போட்டுட்டான். நெஜமா."

"நீ பயந்தவன். தெரிஞ்சாலும் நீ சொல்ல மாட்ட."

அதற்குள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். மாலை போட்ட படத்தையும் அதற்குக் கீழே உட்கார்ந்து அழும் தகப்பனையும் பார்த்தார்கள். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். தலை குனிந்தார்கள். ரிசார்ட்டின் மேஜை ஜாடிகளிலிருந்து ரோஜாக்களை உருவிப் படத்தின் கீழ் வைத்தார்கள். போன வருஷம் கண்ணைத் துடைத்துக்கொண்ட நரைத்த தலை அம்மா பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். கேமராக்காரன் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பாய் அந்தக் கல்லூரிப் பெண்ணைப் பார்த்து, "எப்பம்மா?" என்றார். அவள் சாரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அப்புறம் என்று சார் கையைக் காட்டினார். மௌன அஞ்சலி முடியும்வரை அவள் காத்திருந்துவிட்டுப் பாயின் காலருகே குனிந்து உட்கார்ந்தாள். "எங்களுக்குச் செய்தி எதுவும் வரல ஐயா. சத்தியமா வரல" என்றாள்.

"அப்ப எதுக்கு பூ?"

அவள் அழுதாள். அந்த ஹாலில் வெட்கப்படத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதற்குப் பிறகு அந்த அமைப்பில் அவளை நான் பார்க்கவில்லை. படத்தை இறக்கச் சொல்லிப் பாய் கேட்டார். போட்டோ எடுத்து முடியட்டும் என்றார் சார்.

அந்தப் போட்டோ பாயின் வீட்டுக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டார்கள். தெருவில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். "சாவல, சேதி ஒண்ணும் வரல" என்று பாய் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அது அவருக்கே நிச்சயமில்லை. அவர் மனைவி தலைமுக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்து அழுதார்கள். யாருக்காக அழுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் போட்டோ விருந்தினர்களின் நாட்டுக்கும் போய், அங்கே ஒரு சபை எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியதாம். இந்தத் தடவை அறிக்கையில் கவலை இல்லை, கண்டனமே வந்துவிட்டது. சிறையில் மாண்ட இளைஞனுக்கு நீதி வேண்டுமாம். வாயு எடுக்கிற நாட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார். செத்தவனுக்காகப் பேசுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க முடியாதவர்களுக்கு, அவன் செத்துவிட்டான் என்று சொல்ல ஒரு ஃப்ளெக்ஸ் போதுமாக இருந்தது.

பிறகு நடந்ததை இவர்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த அரசாங்கம் பதில் சொன்னது. அவர்கள் டிவியில் வந்த வீடியோவைக் கல்லூரிப் பெண் பாயின் போனுக்கு அனுப்பியிருந்தாள். கடையில் மடித்து வைத்த ஜமுக்காளங்களின் மேல் உட்கார்ந்து பார்த்தோம். ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே எங்கள் ஃப்ளெக்ஸின் படத்தைக் காட்டுகிறார். மாலையையும் விளக்கையும் விரலால் சுட்டுகிறார். அடுத்து, ஒரு மேஜை. மேஜையில் டீயும் பிஸ்கட்டும். அதற்குப் பின்னால் பாயின் மகன்.

பாய் போனை நழுவவிட்டார். டிரைவர்தான் பிடித்தான்.

பையன் ஏதோ சொன்னான். "இன்னா பாய் சொல்றான்?" என்று கேட்டோம். "ஒரு கொறையும் இல்ல, நல்லா கவனிச்சிக்கிறாங்கன்றான். அது அவங்க பாஷ. இவனுக்கு அது சரியா வராது. மனப்பாடம் பண்ண வெச்சிக்கிறானுங்க, பாவிங்க." சொல்லிக்கொண்டே சிரித்தார், அழுதார். வீட்டில் அவர் மனைவி அந்தச் சின்னத் திரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "பல்லு ஒண்ணு காணோம்." எங்கள் ஓனர் அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

உலகத்தின் பெரிய பெரிய மனிதர்கள் கவலைப்பட்டுக் கிடைக்காத பதில், ஒரு ஃப்ளெக்ஸ்காரனின் பிழைக்குக் கிடைத்தது. அந்த அரசாங்கத்தின் யோக்கியதையும் அவ்வளவுதான். தகப்பன் கேட்டால் உண்மையைச் சொல்லாது. அடுத்தவனை முட்டாளாக்க வேண்டுமென்றால் சொல்லும்.

வெளிநாட்டுக்காரர்கள் உடனே மன்னிப்புக் கேட்டார்கள். பாயிடம் இல்லை, அந்த அரசாங்கத்திடம். தவறான தகவலுக்கு வருந்துகிறார்களாம். கவலை தெரிவிக்க ஒரு முழு மதியம் எடுத்துக்கொண்டவர்கள், கொலைகாரனிடம் வருத்தம் தெரிவிக்க ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பாய் என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்ச் சாரைப் பார்த்தார். "எங்ககிட்டத்தான் கீறான்னு அவங்க வாயாலேயே ஒத்துகினாங்க இல்ல சார்? தண்டனையும் முடிஞ்சிபோச்சு. வுடச் சொல்லிக் கேளுங்க" என்றார்.

சார் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "இனிமே அந்தப் பையன் பேரையே எடுக்க முடியாதுப்பா. ஒருவாட்டி தப்பாயிடுச்சு. வெளிநாட்டுக்காரங்க நம்பகத்தன்மை என்னாவும்? எனக்கே எவ்ளோ பேஜாரு தெரியுமா, உன் பையனால?"

"எம் புள்ளயாலயா?" என்றார் பாய். பஸ்ஸில் திருப்போரூர் வரைக்கும் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மகனைப் பற்றி ஒன்றும் வரவில்லை. அந்த வீடியோவைப் பாயும் மனைவியும் தினமும் பார்த்தார்கள். இந்த வருஷம் மறுபடியும் அதே ரிசார்ட்டில் கூட்டம் என்று ஆர்டர் வந்தது. கடையில் ஷாமியானாவை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். பாய் கேட்டார்:

"அண்ணாத்த, இன்னொருவாட்டி செத்துட்டான்னு போட்டா இன்னா?"

தன் முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"கேட்டா காட்ட மாட்டானுங்க. செத்துட்டான்னா காட்டுவானுங்க. போன வாட்டி காட்டல?"

"வூட்ல இன்னா சொல்லுவாங்க பாய்?"

"அவதான் சொன்னா. வீடியோ வந்து ஒரு வருஷம் ஆவப்போவுது, மறுபடி மூஞ்சப் பாக்கணும்னு சொல்றா."

ஃப்ளெக்ஸ்காரன் ஒப்புக்கொள்ளவில்லை. "உசுரோட கீறவனுக்கா? பாவம் பாய் அது. நான் புள்ளகுட்டிக்காரன், ஆள வுடு."

"போன வாட்டி போட்டியே."

"அது தெரியாம போட்டது."

"இத்தயும் தெரியாம போடு."

அவன் மவுஸைக் கையில் எடுத்தான். கம்ப்யூட்டரில் பழைய படம் அப்படியே இருந்தது. "மறைவுக்கு நேரா இன்னா போட?" என்று கேட்டான். "அந்த எடத்த மட்டும் காலியா வுடு" என்றார் பாய்.

ஹாலுக்குள் கட்ட முடியாது. வாசலிலேயே சார் ஆள் வைத்திருந்தார். நெம்மேலி தாண்டி, ரிசார்ட்டுக்குத் திரும்பும் முனையில் சாலையைப் பார்த்து இரண்டு சவுக்குக் கம்பங்களை நட்டோம். நாற்காலி இறக்கிவிட்டு வந்த காலை நேரம். பேனரைத் தன் கையால் கட்ட மாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறினேன். பேனரைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தபடி நின்றார்.

விமான நிலையத்திலிருந்து விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு கார்கள் வரத் தொடங்கின. முதல் கார் நிற்காமல் திரும்பியது. அடுத்த கார் முனையில் வேகம் குறைந்தது. கறுப்புக் கண்ணாடி பாதி இறங்கியது. ஒரு கை போனை வெளியே நீட்டிப் பிடித்தது. பிறகு கண்ணாடி ஏறிக்கொண்டது.

"எடுத்தாங்களா அண்ணாத்த?"

"எடுத்தாங்க பாய்."

ஏணி லேசாக ஆடியது. பாய் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எறங்காத, அந்தப் பக்க முடிச்ச நல்லா இறுக்கு. கடக்காத்து அவுத்துடப் போவுது. இன்னும் காருங்க வருது."